பழைய கணினியில் மறையும் இகரம்

ஆலயக் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், சங்க உறுப்பினர் பட்டியல் முதலிய சில ஏடுகளிலேதான் மந்தின் போன்ற தோட்டப்புற ஊர்களின் வரலாறு தங்கிக் கிடக்கும். இத்தகையவற்றுள் 1990களில் தட்டச்சிடப்பட்ட கோப்பொன்றைப் புதிய கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகத் தலையிற் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் தோன்றுவதுண்டு. கோப்புக் கெட்டதென்று அழித்துவிடுவோரும் உளர். கெட்டது கோப்பன்று.

அக்கால முறையில் எழுத்துகளுக்கென 256 இடங்களே இருந்தன. முற்பாதி ஆங்கிலத்துக்குரியது, பிற்பாதியில் அவரவர் தமக்கு வசதியான வரிசையில் தமிழைக் குடியேற்றினர். இக்குழப்பம் தீரத் திஸ்கி என்னும் பொதுக் குறியீடு வகுக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் வேறிரண்டை ஏற்றது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றின் எழுத்துருவால் படிப்பது, வீட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேறு தெருவில் ஆளைத் தேடுவது போன்றதே. உரிய எழுத்துருவை நிறுவினாலே பெரும்பாலான கோப்புகள் தெளிந்துவிடும்.

ஆயினும் ஒரு விந்தையான குறை எஞ்சும். திஸ்கியில் இகரத்துக்கு அளித்த இடம் 173. கணினியின் பொது வழக்கிலோ அவ்வெண் மென் இணைகோட்டுக்குரியது. வரி உடையுமிடத்தன்றி அது வெளிப்படாது. ஆதலின் சில செயலிகள் இகரத்தை மட்டும் விழுங்கிவிட்டன! பின்னர் வந்த பதிப்பில் 254ஆம் இடமும் இகரத்துக்கே வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய கோப்புகளில் ஐயம் தீர்வதில்லை.

விண்டோஸ் 98இல் செயலி திடீரென நின்றுபோவது வேறு நோய். பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக்கோப்பைப் புதிதாக நிறுவிய ஒன்று தன் பதிப்பால் மாற்றிவிடும். பழையதை நம்பியிருந்த செயலி விழுந்துவிடும். இறுதியாக நிறுவியது எது என்று பார்த்து, அதனை நீக்கி, பழைய செயலியை மீண்டும் நிறுவிப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் செயலிகளோ 64 பிட் விண்டோஸில் இயங்கவே மாட்டா. அவற்றுக்குப் பழைய பொறியோ, அதனைப் போல நடிக்கும் மெய்நிகர்க் கணினியோதான் வழி. விண்டோஸ் 98க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006இலேயே நின்றுவிட்டமையால், அப்பொறியை இணையத்தோடு பிணைத்தல் ஆகாது.

கோப்பு திறந்தபின் யூனிக்கோடுக்கு மாற்றிவிடுவதே நலம். மூலத்தைத் தொடாமல், படியெடுத்தே மாற்றுக. மாற்றியதைப் பழைய அச்சுப்படியோடு ஒப்பிடும்போது 'ளங்கோ' என்றிருந்தால் எவரும் திருத்திவிடுவர். 'இராமசாமி' என்பது 'ராமசாமி' ஆகியிருந்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. இரண்டும் வழக்கிலுள்ள பெயர்களே. உறுப்பினர் பட்டியலில் விரல் வைத்துப் பார்க்கவேண்டிய இடம் அதுவே.