டெலிட் பண்ணிட்டா போயிடுமா? பழைய லேப்டாப்பைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி...

போகி நெருங்கினா நாட்றம்பள்ளித் தெருக்கள்ல மைக் கட்டின வண்டி வரும். "பழைய இரும்பு, பிளாஸ்டிக், டிவி, கம்ப்யூட்டர்..." பரண்ல தூசி பிடிச்சுக் கிடக்கிற லேப்டாப் உடனே அம்மாவுக்கு ஞாபகம் வரும். "அது ஆன் கூட ஆகலையே, போட்டுடலாமா?" அப்போ நீங்க வீட்டுல இருந்தா, "ஒரு நாள் பொறும்மா"ன்னு சொல்லுங்க. ஏன்னு பார்ப்போம்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் தொடங்குச்சு. நம்ம அக்கா, அண்ணன்களுக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். இன்ஜினியரிங் கவுன்சலிங், ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட், எல்லா விண்ணப்பமும் அதுலதான் போட்டிருப்பாங்க. ஆதார், மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ், அப்பாவோட பாஸ்புக் முதல் பக்கம், ஸ்கேன் பண்ணின கையெழுத்து, போட்டோ எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருக்கும். உங்க பேர்ல ஒருத்தர் சிம் வாங்கவோ, லோன் ஆப்ல கடன் கேட்கவோ முயற்சி பண்ணினா முதல்ல தேடுறது இதைத்தான். குடும்ப போட்டோக்களும் அங்கேயேதான் இருக்கும்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. அதனால இன்னும் நிறைய சிஸ்டம் வீட்டை விட்டு வெளியே போகப்போகுது.

டெலிட்னா உண்மையில என்ன?

ஹாஸ்டல் ரெஜிஸ்டர்ல ஒருத்தன் பேரை அடிச்சுட்டாங்கன்னு வைங்க. ரெஜிஸ்டர்படி ரூம் காலி. ஆனா ஆள் உள்ளேதான் தூங்கிட்டிருக்கான். அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வர்ற வரைக்கும் அவன் அங்கேயே இருப்பான். ஹார்ட் டிஸ்க்ல டெலிட்டும் இப்படித்தான். ஃபைல் எங்கே இருக்குங்கிற குறிப்பு போகும், டேட்டா அப்படியே இருக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணினாலும் இதே கதைதான். 'குயிக் ஃபார்மேட்' புது ரெஜிஸ்டர் போடுது, அவ்வளவுதான். ஃபோட்டோரெக் மாதிரி இலவச சாஃப்ட்வேர் ரெஜிஸ்டரைப் பார்க்காது, நேரா ரூம் ரூமாப் போய்த் தேடும்.

எம்ஐடி-ல படிச்ச சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட்ங்கிற ரெண்டு ஆராய்ச்சி மாணவர்கள் இதைச் சோதிச்சாங்க. செகண்ட் ஹேண்ட்ல 158 ஹார்ட் டிஸ்க் வாங்கினாங்க. படிக்க முடிஞ்சது 129. அதுல சரியா அழிக்கப்பட்டிருந்தது வெறும் 12. மத்ததுல 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்த மெயில்கள் கிடைச்சது. 2003-ல இதைக் கட்டுரையா வெளியிட்டாங்க.

"அது பழைய காலம்"னு தோணுதா? பழைய டிரைவ்களைச் சரியா அழிக்காம விட்டதுக்காக மார்கன் ஸ்டான்லி நிறுவனம் 2022-ல அமெரிக்காவில 3.5 கோடி டாலர் அபராதம் கட்டுச்சு. வேலையை அனுபவமில்லாத ஒரு கம்பெனிகிட்ட கொடுத்தாங்க. வாடிக்கையாளர் விவரங்களோட டிரைவ்கள் ஆன்லைன் ஏலத்துக்கே போயிடுச்சு.

சரி, என்ன பண்ணணும்?

1. முதல்ல பேக்கப். வேணுங்கிறதை ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. ரெண்டையும் திறந்து பாருங்க.

2. பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு, கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் வெப் எல்லாத்துல இருந்தும் வெளியே வாங்க. லேப்டாப் ஆன் ஆகலைன்னா போன்ல இருந்தே அந்தக் கருவியை நீக்கலாம்.

3. ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா பாருங்க. பழைய லேப்டாப்னா பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான்.

4. ஹார்ட் டிஸ்க்னா முழுசா மேலெழுதுங்க. பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு பூட் பண்ணி 'ஷ்ரெட்' கமாண்டையோ, 'என்வைப்' கருவியையோ ஓட்டலாம். அழிக்கப்போறது எந்த டிஸ்க்னு ரெண்டு தடவை பார்த்துக்கோங்க, பேக்கப் டிஸ்க்கைக் கழட்டி வச்சிடுங்க. விண்டோஸ்லயே பண்ணணும்னா 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்', அப்புறம் செட்டிங்ஸ்ல 'க்ளீன் டேட்டா'வை ஆன் பண்ணுங்க. இந்தக் கடைசி ஸ்டெப்பைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஏழு தடவை, முப்பத்தஞ்சு தடவை எழுதணும்ங்கிறது பழைய கதை. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுசா ஒரு தடவை போதும். நொடிக்கு 80 எம்பின்னு கணக்குப் போட்டா 320 ஜிபிக்கு 4,000 நொடி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

5. எஸ்எஸ்டின்னா மேலெழுதுறதை நம்பாதீங்க. சிப் சீக்கிரம் தேயாம இருக்க அது ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல எழுதும். பழைய இடம் நம்ம கண்ணுக்கே தெரியாம ஒளிஞ்சிருக்கும். அதனால தயாரிச்ச கம்பெனியோட டூல்ல 'செக்யூர் எரேஸ்' கொடுங்க. வாங்கின நாள்லயே பிட்லாக்கர் மாதிரி என்க்ரிப்ஷன் போட்டிருந்தா இன்னும் நிம்மதி. சாவி போச்சுன்னா டேட்டாவும் போன மாதிரிதான்.

6. முடிஞ்சதும் நீங்களே ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பாருங்க. ஒரு போட்டோ கூட வரலைன்னா வேலை முடிஞ்சது.

ஆன் ஆகாத லேப்டாப்?

லேப்டாப் செத்திருக்கலாம், டிஸ்க் உயிரோட இருக்கலாம். டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல மாட்டி அழிச்சிடலாம். டிஸ்க்கும் செத்துப்போச்சுன்னா, தட்டுகள் வழியா நாலஞ்சு இடத்துல டிரில் போடுங்க. லேப்டாப் டிஸ்க் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு சில்லாத் தெறிக்கும். மெக்கானிக்கல் நண்பனைக் கூப்பிடுங்க, கண்ணாடி போடாம கை வைக்காதீங்க. எஸ்எஸ்டின்னா ஒவ்வொரு சிப்பும் உடையணும். பேட்டரியைக் கழட்டித் தனியா வச்சிடுங்க. உப்பிப்போன பேட்டரியைக் குத்தவே கூடாது, தீப்பிடிக்கும்.

இப்போ யார்கிட்ட கொடுக்கிறது?

நல்லா ஓடினா லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டு பக்கத்து வீட்டுத் தம்பி, தங்கச்சிக்குக் கொடுங்க. ஓடலைன்னா தயாரிப்பு நிறுவனத்தோட சேகரிப்பு மையத்துக்கோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ போகணும். ஒரே ஒரு லேப்டாப்புக்கு யார் வருவாங்கன்னு கேட்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில இருக்கிற மின்கழிவு விதிகள்படி, ஆயிரம் மின்கருவிக்குக் குறையாம பயன்படுத்துற நிறுவனங்கள் கழிவைப் பதிவு பெற்றவங்ககிட்ட மட்டும்தான் கொடுக்க முடியும். நம்ம லேப், ஆபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்தா காலேஜ் அந்தக் கணக்குக்குள்ள வரலாம். அப்படின்னா, காலேஜ் கழிவு போற லோடுலயே மாணவர் வீட்டு லேப்டாப்பும் போகட்டும்னு எச்ஓடிகிட்ட கேட்டுப் பாருங்க.

மைக் வண்டி அண்ணன் மேல தப்பு சொல்லலை. ஆனா அந்த வண்டிக்கு அப்புறம் போர்டு எங்கே போகுதுன்னு யாருக்கும் தெரியாது. செம்புக்காக வயரை எரிக்கிறதும், தங்கத்துக்காக போர்டை ஆசிட்ல முக்குறதும் நம்ம நாட்டுல நடக்குது. ஈயமும் ஆசிட்டும் கடைசியில மண்ணுக்கும் தண்ணிக்கும்தான் போகும்.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடுற கழிவு பாலாற்றை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தாச்சு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தினவரே அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு சொல்லுச்சு. இன்னைக்கு மின்கழிவுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் விதிக்குப் பின்னாடி இருக்கிறதும் அதே எண்ணம்தான்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையில ஒரு லினக்ஸ் பென் டிரைவும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் போட்டுக்கோங்க. போகிக்கு முன்னாடி பரண்ல ஏறிடுங்க.