மழைக்கு முன்பே செய்யும் உதவி



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் நம் ஊர்ப் பக்கமே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முன் நம் ஊரில் பதிவான ஒருநாள் அதிகபட்சம் 2004 அக்டோபரில் பெய்த 21 செ.மீ. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் பெய்துவிட்டது. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவமே வர வேண்டியிருந்தது.

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். வங்கக் கடல் சூடாவதால் புயல்கள் அதிக நீரைச் சுமந்து வருகின்றன. கடல் மட்டமும் உயர்ந்து வருகிறது. பெரிய வாய்க்காலும் உப்பனாறும் சுமக்கும் மழைநீர் கடலில்தான் கலக்க வேண்டும். கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் அந்த நீர் வடியத் தாமதமாகும். தாழ்வான தெருக்களில் தேங்கும்.

இந்தச் சூட்டுக்குப் பெரும் காரணம் பணக்கார நாடுகள் நெடுங்காலமாக எரித்த நிலக்கரியும் எண்ணெயும். பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி அமைக்க 2022-இல் எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக் மாநாட்டில் முடிவானது. ஆனால் அந்தப் பணம் நம் தெருவுக்கு வரும்வரை ஐப்பசி மழை காத்திருக்காது.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1972 முதல் கடலோரக் கிராமங்களில் தொண்டர்களைப் பழக்கினார்கள். எச்சரிக்கை வந்ததும் அவர்கள் வீடு வீடாகச் சொல்லி, முதியோரையும் பிள்ளைகளையும் புயல் காப்பகங்களுக்கு அழைத்துச் செல்கிறார்கள். 2020 அம்பன் புயலில் அங்கே உயிரிழந்தோர் சில பத்துப் பேர் மட்டுமே. பணக்கார நாடாக ஆன பிறகு அவர்கள் இதைச் செய்யவில்லை, முன்கூட்டியே ஆயத்தமானார்கள்.

நாமும் செய்யக்கூடியவை:

1. மஹல்லாவில் தரைத்தள வாடகை வீடுகளில் இருப்போர், தனியே வாழும் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோரின் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

2. சிவப்பு எச்சரிக்கை என்றால் 20 செ.மீ.க்கு மேல் மழை வரலாம் என்று பொருள். அப்போதே மேட்டுப் பகுதிக்கு மாறிவிடுவது நல்லது. ஆதார், ரேஷன் அட்டை, மருத்துவச் சீட்டு, ஒரு வார மருந்து ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண் மேல் வையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

3. சாக்கடையில் குப்பை போடாதீர்கள். அடைப்பு இருந்தால் மழைக்கு முன்பே நகராட்சிக்குத் தெரிவியுங்கள்.

4. 500 சதுர அடி மாடியில் அந்த ஒரு நாளில் விழுந்த நீர் சுமார் 21,000 லிட்டர். அதில் ஒரு பகுதியையாவது மழைநீர்த் தொட்டியில் இறக்கினால் தெருவில் வெள்ளம் குறையும், நிலத்தடி நீரும் ஊறும். கடலோரத்தில் ஆழ்குழாயால் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வரும். பள்ளிவாசலில் ஒளு செய்த தண்ணீரில் சோப்பு கலப்பதில்லை. அதை மரங்களுக்குத் திருப்பலாம்.

வெள்ளம் வந்த பின் அரிசியும் போர்வையும் கொடுப்பது நம் வழக்கம். அது தொடரட்டும். ஸகாத் நிதியை யாருக்குச் செலவிடலாம் என்பதற்கு வரையறை உண்டு. ஸதகா நிதியில் ஒரு பகுதியை மழைக்கு முன்பே ஒழுகும் கூரைக்கும், நோயாளியை இடம் மாற்றும் வண்டிக்கும் ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து. மூழ்கிய வீட்டுக்கு வாங்கித் தரும் பாயைவிட, மூழ்குமுன் கைபிடித்து அழைத்து வருவது பெரிய உதவி.

உங்கள் தெருவின் பட்டியலுக்கான பெயர்களை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் கொடுங்கள். பெண்களே வீடு வீடாக அறிந்தவர்கள். அவர்கள் சொல்லும் பெயர்கள் விடுபடக் கூடாது. இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்கு முன் பட்டியல் கையில் இருக்கும்.