ஐந்து டாலர் கச்சேரி

ஐந்தே டாலர்! அமெரிக்காவின் தலைநகராம் வாஷிங்டனிலே, ஃபுகாசி என்ற ராக் இசைக் குழுவினரைக் காண வந்தவர்கள் வாசலிலே கொடுத்த கட்டணம் அவ்வளவுதான். முன்வரிசைக்கு ஒரு விலை, மூலைக்கு ஒரு விலை என்ற பேதம் இல்லை. வரிசையே இல்லையே! சீமானும் நின்றுதான் கேட்க வேண்டும், சிப்பந்தியும் நின்றுதான் கேட்க வேண்டும்.

ஐந்து டாலர் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள், தோழர்களே. கேட்க வேண்டிய கேள்விதான். உழைப்பவன் கணக்கிலேயே சொல்கிறேன். 1987 செப்டம்பரில், வாஷிங்டன் வில்சன் சென்டரில் அந்தக் குழு முதன்முதலாக மேடையேறியபோது, அமெரிக்க மத்திய அரசு வகுத்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். ஒன்றரை மணி நேரம் எச்சில் தட்டுக் கழுவியவன், அன்று மாலை இசை கேட்கலாம்! 1991 ஏப்ரலில் கூலி 4 டாலர் 25 சென்டாக ஏறிற்று. கச்சேரிக் கட்டணமோ ஐந்திலேயே நின்றது.

எப்படி முடிந்தது? வள்ளல் எவனாவது வாரி வழங்கினானா? இல்லை. இயன் மக்காய், கை பிச்சியோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கான்டி என்ற அந்த நால்வரும் தரகரை வைத்துக் கொள்ளவில்லை. மக்காயே தொலைபேசியை எடுத்து ஊர் ஊராகப் பேசி நாள் குறித்தார். வேனிலே பயணம், ஓட்டல் அறைக்குப் பதில் நண்பர் வீட்டுத் தரையிலே தூக்கம். இசைத்தட்டு வெளியிட்டதும் சொந்த நிறுவனந்தான். டிஸ்கார்ட் என்பது அதன் பெயர். 1980-இல் மக்காயும் ஜெஃப் நெல்சனும் சேர்ந்து தொடங்கியது. தொடக்க நாட்களில் தட்டுகளின் உறைகளை நண்பர்கள் கூடி உட்கார்ந்து, கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். செலவு போக மிஞ்சியதில் நிறுவனத்துக்குப் பாதி, பாடியவர்களுக்குப் பாதி. ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான்! கடைக்காரன் விலையை ஏற்றிவிடக் கூடாதே என்று, தபாலில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். 1990-களில் பெரிய கம்பெனிகள் பணப்பையோடு வந்தன. வந்த வழியே திரும்பின.

வயது வரம்பும் வைக்கவில்லை. இதிலே ஒரு செய்தி உண்டு. அந்த நாட்டில் இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் மதுக்கடை மேடையிலேதான் வாசிக்க வேண்டும். குடிக்கும் வயது 21. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் இல்லை! சாராயம் விற்பவன் சங்கீதத்துக்கு வாயிற்காவலன்! அதை ஏற்க மறுத்து, மாதாகோயில் அடித்தளம், பள்ளி மண்டபம், சமூக நிலையம் என்று இடம் தேடினார்கள். வாஷிங்டனில் ஃபோர்ட் ரீனோ பூங்காவிலே, திறந்தவெளியிலே, கோடைக் காலத்தில் இலவசமாகவே வாசித்தார்கள்.

இசை எப்படி? உள்ளதைச் சொல்கிறேன்: என் காதுக்கு முதலில் இரைச்சலாகத்தான் பட்டது. ஜெம் கோகன் எடுத்து 1999-இல் வெளிவந்த 'இன்ஸ்ட்ருமெண்ட்' என்ற படத்தில், அவர்கள் மேடையிலே துள்ளுவதையும் துவளுவதையும் கண்ட பிறகுதான் பிடிபட்டது. இரண்டு கிதார்களும் வாதியும் பிரதிவாதியும் போல மோதுகின்றன. திடீரென்று எல்லாம் அடங்கி, லாலியின் பேஸ் கிதார் மட்டும் நடந்து போகிறது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த நொடி இடி!

அந்த இடியிலே இளைஞர்கள் ஆடுவார்கள். சிலர் ஆட்டம் என்ற பெயரில் அடுத்தவன் விலாவை உடைப்பார்கள். மேடையேறிக் கூட்டத்தின் தலைமேல் குதிப்பார்கள். முன்னால் நிற்கும் பெண்களும் சிறுவர்களும் நசுங்குவார்கள். அப்போது பாட்டு பாதியிலேயே நிற்கும். மக்காய் ஒலிபெருக்கியில் அந்த முரடனைச் சுட்டிக்காட்டி அழைப்பார். வசைமொழி இல்லை, 'ஐயா' என்கிற மரியாதைதான். கேட்கவில்லையா? ஓர் உறை வரும். உள்ளே ஐந்து டாலர்! 'இதோ உங்கள் பணம், போய் வாருங்கள்' என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். இதற்கென்றே ஐந்து டாலர் போட்ட உறைகளைத் தயாராக வைத்திருந்தார்களாம். கூட்டம் நடத்திப் பழகிய நம் தோழர்களுக்கு இதன் அருமை புரியும். குழப்பக்காரனை அடித்து விரட்டுவது எளிது, அவன் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவதற்குத்தான் நெஞ்சு வேண்டும். 'பாட வந்தாயா, பாடம் நடத்த வந்தாயா?' என்று ஏசியவர்களும் உண்டு. நசுங்கிய பெண்பிள்ளை அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

1991 ஜனவரி 12. வளைகுடாப் போர் தொடங்க ஐந்தே நாள். வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயட் பூங்காவிலே, குளிரிலே, போர் வேண்டாம் என்று கூடிய மக்களுக்காக அவர்கள் வாசித்தார்கள். அன்றைக்கு வாசலும் இல்லை, ஐந்து டாலரும் இல்லை. குண்டு விழுவதை அந்த முரசொலி நிறுத்தவில்லைதான். ஆனால் மாளிகைக்குள் இருந்தவரின் காதிலே விழாமலா போயிருக்கும்?

2002 நவம்பரில் லண்டனில் கடைசிக் கச்சேரி. அதன் பிறகு குழுவாக மேடையேறவில்லை. ஆனால், ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூறுக்கு மேல் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். கிதாரின் சுருதி பிசகியதையும், முரடனோடு வாதாடியதையும் வெட்டாமல், 2011 முதல் ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கினார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் வைத்த விலை, ஐந்து டாலர்.