ஆப் மூடினால் பணம் போகுமா?

சம்பளம் ஏறிய மறுநாளே ஐயாயிரம், பத்தாயிரம் என்று மியூச்சுவல் ஃபண்டின் மாதாந்திர முதலீடான எஸ்.ஐ.பி.யில் போகும்படி போன் ஆப்பிலேயே ஏற்பாடு செய்துகொண்டவர்கள் இன்று திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள், திருப்பத்தூரிலும் இருக்கிறார்கள். ஏஜென்ட் வீடு தேடி வந்து படிவத்தில் கையெழுத்து வாங்கிய காலம் போய், ஆதாரும் பான் கார்டும் கையில் இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கணக்கு தொடங்கலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் இவர்களிடம் பேசினால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "நாளைக்கே இந்தக் கம்பெனிய இழுத்து மூடிட்டுப் போயிட்டா, என் பணம் என்ன ஆகும்?"

நியாயமான பயம். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்து ஏமாற்றியதாக ஆருத்ரா நிறுவனத்தின் மீது வழக்கு நடக்கும் மாநிலம் இது. ஆகவே பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் நீங்கள் போடும் பணம் ஆப் நடத்தும் நிறுவனத்திடம் தங்குவதில்லை. முன்பு சில தளங்கள் வாடிக்கையாளர்களின் பணத்தைத் தங்கள் கணக்கில் மொத்தமாகச் சேர்த்து, பிறகு ஃபண்ட் நிறுவனங்களுக்குப் பிரித்து அனுப்பின. 2022 ஜூலை 1 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பும் ரூபாய் நேராக ஃபண்ட் நிறுவனத்துக்கோ, பங்குச் சந்தையின் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கோதான் போக வேண்டும். ஃபண்டும் சட்டப்படி ஓர் அறக்கட்டளை. அது வாங்கும் பங்குகளும் பத்திரங்களும் கஸ்டோடியன் என்ற தனி நிறுவனத்தின் காவலில் இருக்கின்றன. யாருக்கு எத்தனை யூனிட் என்ற பதிவேட்டை ரெஜிஸ்ட்ரார் நிறுவனங்கள் பராமரிக்கின்றன. அவற்றில் பெரியதான கேம்ஸ் 1988-ல் தொடங்கியது, நம் சென்னையில்தான். இன்னொன்று ஐதராபாத்தின் கேஃபின்டெக்.

ஆகவே ஆப் மறைந்தாலும் யூனிட் மறையாது. இந்த இரு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் 'எம்.எஃப். சென்ட்ரல்' தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து நுழைந்தால், எந்த ஆப் வழியாக வாங்கியிருந்தாலும் எல்லா ஃபண்டுகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பான் எண்ணோடு பதிவான மின்னஞ்சலுக்கு ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையும் வருகிறது. அதைத் திறக்காமலே நீக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆப் காட்டும் எண்ணிக்கையும் அந்த அறிக்கையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது பார்த்துவிடுங்கள்.

யூனிட்டுகளையோ பங்குகளையோ டீமேட் கணக்கில் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கார்வி புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது 2019 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. இன்று பங்கை விற்கும்போது கேட்கப்படும் ஓ.டி.பி. அந்தப் பாடத்தின் விளைவுகளில் ஒன்று. அதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் பத்திரமாக இருக்கிறது, சரி. ஆப் இலவசம் என்கிறார்களே, அது எப்படி? 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் 'டைரக்ட்', 'ரெகுலர்' என்று இரண்டு பிளான்கள் உண்டு. ரெகுலரில் விநியோகஸ்தருக்கான கமிஷன் உங்கள் முதலீட்டிலிருந்தே ஆண்டுதோறும் கழிகிறது. டைரக்டில் அது கிடையாது. ஈக்விட்டி ஃபண்டுகளில் இந்த வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தொடுவது சகஜம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 ரூபாய், 20 ஆண்டுகள், நீங்கள் போடும் மொத்தம் 24 லட்சம். ஆண்டு வருமானம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கையில் சுமார் 99 லட்சம். 11 சதவீதம் என்றால் சுமார் 86.5 லட்சம். சந்தை 12 சதவீதம் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கழிக்கப்படும் ஒரு சதவீதம் மட்டும் உறுதி.

நல்ல ஆலோசகர் ஒருவர், சந்தை விழும்போது பதறி விற்கவிடாமல் தடுத்தால், அந்த ஒரு சதவீதத்துக்கு அவர் தகுதியானவரே. எந்த வேலையும் செய்யாதவருக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வயிற்றெரிச்சல். மாற விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது விற்று வாங்குவதாகவே கருதப்படும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டில், நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. பழைய முதலீட்டை அப்படியே விட்டுவிட்டு, புது எஸ்.ஐ.பி.யை மட்டும் டைரக்டில் தொடங்குவது பலருக்கும் பொருந்தும்.

டைரக்ட் பிளானில் கமிஷன் இல்லையென்றால் ஆப் எப்படிப் பிழைக்கிறது? பங்கு வர்த்தகத்தின் புரோக்கரேஜ், ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸ் எனும் எஃப் அண்ட் ஓ, கடன் என்று வேறு கதவுகளில். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். மகள் படிப்புக்காக எஸ்.ஐ.பி. போட வந்தவரின் கண் முன்னால், அதே திரையில், ஆப்ஷன் வர்த்தகத்துக்கான பட்டனும் இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய் என்று செபியே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. எஸ்.ஐ.பி.க்காக வந்தவர்கள் அந்தப் பிரிவைத் தொடங்கவே வேண்டாம். கணக்கு திறக்கும்போது அதற்குச் சம்மதம் கேட்பார்கள்; மறுக்கலாம்.

பணம் போகும் பாதை தெரிந்த ஒருவரை மோசடிக்காரர்களால் எளிதில் ஏமாற்ற முடியாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, லிங்க் அனுப்பி, பிரபல நிறுவனத்தின் பெயரில் போலி ஆப்பை இறக்கச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறும். முதலில் நீங்கள் எடுக்கக் கேட்ட சிறு தொகை திரும்பியும் வரும். பெரிய தொகையைக் கேட்கும்போது "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். இவர்கள் பணத்தை அனுப்பச் சொல்லும் கணக்கு ஏதோ ஒரு தனிநபருடையதாகவோ, முன்பின் கேள்விப்படாத டிரேடர்ஸ் பெயரிலோ இருக்கும். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். செபியில் பதிவு பெற்ற நிறுவனங்களின் யு.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்ற சொல் இடம்பெறும் ஏற்பாட்டை 2025 அக்டோபரில் செபி கொண்டுவந்தது. 'செபி செக்' வசதியில் அந்த முகவரியும் வங்கிக் கணக்கும் உண்மையானவையா என்று பார்த்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் புகார் செய்தால் மோசடிக்காரரின் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, வீட்டில் பேச வேண்டியது. முதலீடு முழுக்க ஒருவருடைய போனுக்குள், அவருடைய கைரேகைக்குப் பின்னால் இருக்கிறது. அவர் திடீரென்று இல்லாமல் போனால், எந்த ஃபண்ட், எத்தனை ஃபோலியோ (ஃபண்ட் கணக்கு) என்று மனைவிக்கோ பெற்றோருக்கோ தெரிவதில்லை. எல்லா ஃபோலியோவிலும் நாமினி பதிவாகியிருக்கிறாரா என்று இந்த வாரமே பாருங்கள். ஒருங்கிணைந்த அறிக்கையை அச்செடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வையுங்கள். ஏற்கெனவே மறந்துபோன முதலீடுகளைத் தேட 2025 முதல் 'மித்ரா' என்ற வசதி எம்.எஃப். சென்ட்ரலிலும், கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களிலும் இருக்கிறது. பத்தாண்டுகளாக எந்தப் பரிவர்த்தனையும் நடக்காத ஃபோலியோக்களை அதில் தேடலாம். அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட யூனிட்டுகள் பற்றி வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தால், அவருடைய பான் எண்ணை எடுத்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.