காலம் கடந்து திறந்த கதவு

1955-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி இரவு நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கில், ஒரு பாடகி வாய் திறப்பதற்கு முன்பே சபையோர் கரகோஷம் செய்தனர். வெர்டி இயற்றிய இசை நாடகமொன்றில் குறி சொல்லும் உல்ரிகாவாக வேஷம் தரித்து நின்றவர் மேரியன் ஆண்டர்ஸன். 1883-ல் திறக்கப்பட்ட அந்த ஸ்தாபனத்தின் மேடையில் தனிப் பாத்திரமேற்றுப் பாடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. அப்பொழுது அவருக்கு வயது 57.

பிலடெல்பியா நகரில் 1897-ல் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தேவாலயத்தில் அச்சிறுமி பாடக் கேட்ட எளிய ஜனங்கள் காசு சேர்த்து அவருக்குச் சங்கீத சிக்ஷை அளித்தனர். சங்கீதப் பள்ளியொன்றோ நிறத்தைக் கண்டு கதவை அடைத்தது. 1925-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்திய கோஷ்டியாருடன் பாடும் உரிமையைப் போட்டியில் வென்றார். ஆயினும் அந்நகரத்து ஆபரா மேடை அவரை அழைக்கவில்லை. 1935-ல் ஸால்ஸ்பர்க் நகரில் அவர் பாட்டைக் கேட்ட டாஸ்கனீனி, அத்தகைய குரல் நூறு வருஷத்துக்கு ஒரு முறையே கேட்கக் கிடைக்கும் என்று வியந்தார்.

ஐரோப்பா போற்றிய பாடகிக்கு 1939-ல் வாஷிங்டனில் கச்சேரி மண்டபம் மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் யார்? அமெரிக்க சுதந்திரப் போரில் ஈடுபட்டோரின் சந்ததியார் என்று பெருமை கொண்ட மாதர் சங்கத்தினர்! ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அச்சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் ஞாபக மண்டபப் படிகளில் நின்று, சுமார் 75,000 ஜனங்கள் கேட்க மேரியன் பாடினார். வசை ஒன்றும் அவர் மொழியவில்லை, பாட்டே பதிலாயிற்று.

ஆயினும் 1925-க்கும் 1955-க்கும் இடையே கழிந்த முப்பது வருஷங்களை யார் திருப்பித் தருவர்? கதவு திறந்தபோது அவர் குரலின் இளமை கழிந்துவிட்டது. நஷ்டம் பாடகிக்கு மட்டுமன்று, கலைக்கும் நாட்டுக்குமே. ஒன்று மட்டும் ஆறுதல். 1961-ல் லியோண்டீன் பிரைஸ் அதே மேடையேறியபோது அவருக்கு வயது 33. மூத்தவர் காத்திருந்த காலம் இளையவருக்குக் கிடைத்த காலமாயிற்று. 1993-ல் மறைந்த மேரியன் ஆண்டர்ஸன் பெற்ற விருதுகள் பல. அவற்றுள் மிகப் பெரியது இதுவே என்பது நமது அபிப்பிராயம்.