கோடு வந்தால் சென்சார் போச்சா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றிச் சிதம்பரம் பக்கம் போகும் டீசல் மினி லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது, இழுவையும் குறைகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் பி 0183 என்று கோடு. "டீசல் டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்கிறார் பையன். அவசரம் வேண்டாம். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், அது ஆறுவதற்குள் புரிந்துவிடும் சங்கதிதான் இது.

அந்தக் கோடு சென்சாரைக் குற்றம் சொல்லவே இல்லை. சென்சார், அதற்குப் போகும் இரண்டு வயர், நடுவில் கப்ளர், மறுமுனையில் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசிஎம், இத்தனையும் சேர்ந்ததுதான் சர்க்யூட். அதில் எங்கோ வோல்டேஜ் எல்லை மீறிவிட்டது என்பதற்கு மேல் கோடு ஒன்றும் சொல்லாது.

டீசலின் சூட்டை வண்டி ஏன் அளக்க வேண்டும்? காமன் ரயில் பம்ப் டீசலை 1,600 பார், சில வண்டிகளில் அதற்கு மேலும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலிருந்து விடுபட்டுத் திரும்பி வரும் டீசல் நன்றாகவே சுடும். 40 டிகிரி சூடு ஏறினால் டீசலின் கன அளவு சுமார் 3 சதவீதம் கூடும். அதனால் அதே அளவு பீய்ச்சினாலும் உள்ளே போகும் எடை குறையும். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால் பம்புக்குள் வழுவழுப்பும் போதாது. அதற்காகத்தான் சூடு எல்லை தாண்டினால் ஈசிஎம் தானாகவே பவரைக் குறைக்கிறது. ரிசர்வ் விழுந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டேங்கில் இருக்கும் கொஞ்ச டீசலே சுற்றிச் சுற்றி வருவதால், சித்திரை வெயிலில் அது உண்மையிலேயே சூடாகிவிடும். அதற்குச் சென்சாரை மாற்றி என்ன பயன்?

சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டு எழுதிவிட்டார். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவில் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். ஈசிஎம் தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சிக்னல் வயரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறது. வோல்டேஜ் இறங்கினால் சூடு, ஏறினால் குளிர். இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். பி 0182 'லோ' என்றதும் குளிர் என்று எண்ணிவிடுகிறார்கள். அது வயரோ சென்சாரோ எர்த்தோடு ஷார்ட் ஆகி வோல்டேஜ் விழுந்துவிட்ட நிலை. ஈசிஎம்முக்கு டீசல் கொதிப்பதாகத் தெரியும். பி 0183 'ஹை' என்றால் சர்க்யூட் எங்கோ அறுந்து 5 வோல்ட் அப்படியே நிற்கிறது. திரையில் மைனஸ் 40 டிகிரி வரும். மார்கழியில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத கடலூரில் மைனஸ் 40!

சோதனையைக் காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தொடங்குங்கள். சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் டீசல், கூலன்ட், உள்ளே இழுக்கும் காற்று ஆகிய மூன்றின் வெப்பநிலையையும் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சில வண்டிகளில் கோடு விழுந்ததும் ஈசிஎம் ஒரு மாற்று எண்ணைப் போட்டுவிடும். அங்கே டிகிரியை நம்பாமல் வோல்டேஜைப் பாருங்கள்.

திரை அதிகச் சூடு காட்டினால் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். எண் சட்டென்று மைனஸ் 40-க்குப் போனால் வயரிங் நல்லது, சென்சார்தான் ஷார்ட். அப்படியே நின்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, சென்சாரைத் தொடாதீர்கள். திரை குளிர் காட்டினால், கழற்றிய கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். எண் உச்சச் சூட்டுக்குத் தாவினால் ஈசிஎம், வயர் இரண்டும் சரி. சென்சாரையோ கப்ளர் பிடிப்பையோ சந்தேகப்படலாம். தாவவில்லையென்றால் மல்டிமீட்டரை எடுத்து, சிக்னல் பின்னில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் பின் ஒழுங்காக எர்த் ஆகிறதா என்று பாருங்கள். இந்த இணைப்பு வேலை இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும். அழுத்தமும் சேர்த்து அளக்கும் மூன்று, நான்கு வயர் சென்சாரில் செய்தால் புதுச் செலவுதான். பல்பு டெஸ்டரையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

எங்கள் பக்கம் நான் முதலில் பார்க்கச் சொல்வது கப்ளரைத்தான். கடல் காற்று ஒருபுறம், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் மறுபுறம். 2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தபோதும் முங்கிய வண்டிகள் எத்தனையோ. வெளியே பளபளப்பாக இருக்கும் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சாவி ஆனில், ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே வயரை மெல்ல ஆட்டுங்கள். எண் துள்ளும் இடம்தான் பழுதான இடம். ஊசியால் வயரைக் குத்திச் சோதிக்கும் பழக்கத்தை உப்புக் காற்று ஊரிலாவது விட்டுவிட வேண்டும். அந்தத் துளை வழியாகவே அடுத்த மழைக்குள் செம்பு அரித்துவிடும்.

புதுச் சென்சாருக்குப் பணம் எடுக்குமுன், "கப்ளரைக் கழற்றினப்ப திரையில என்ன நம்பர் வந்துச்சு தம்பி?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.