வீட்டிற்குப் புதிதாய் வந்த பாம்பு

பிரிட்டன், கனடா முதலிய நாடுகளில் ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் நஞ்சற்ற பாம்பை வீட்டில் வளர்ப்போர் உண்டு. புதிய இடத்திற்கு வந்த பாம்பு சில நாள் இரை எடுக்காதிருப்பது இயல்பே. ஆனால் வாயைத் திறந்தபடி மூச்சுவிடுதல், மூக்கில் சளிக்குமிழி, செதில்களிடையே கரும்புள்ளி போன்ற நுண்ணிய உண்ணிகள் ஆகியவை தென்பட்டால், ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நலமாகத் தோன்றும் பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஆகவே 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் பாம்பையோ அதன் பெட்டியையோ தொடலாகாது. பராமரிப்பவர் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறையில் கழுவலாகாது. வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டால், பாம்பு வளர்ப்பதை மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள். நோயை விரைந்து அறிய அது உதவும்.